அண்ணை மட்டும் கானாவுக்குப் போன கதை

எனக்குக் கடவுச்சீட்டு எடுத்தபோது வயது அறுபத்தாறு. அதற்கு முன் அது தேவைப்படவில்லை. நான் பிறந்தது பருத்தித்துறைப் பக்கம், கப்பலோடிகளின் குடும்பத்தில். எங்கள் வீட்டு ஆண்கள் எப்போதும் ஏதோ ஒரு கடலில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் எப்போதும் வீட்டில் இருந்தோம். கலியாணம் கட்டிக் கோப்பாய்க்கு வந்ததுதான் என் பெரிய பயணம். சண்டைக் காலத்து இடப்பெயர்வுகளை நான் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடவுச்சீட்டுப் படத்தில் நான் யாரையோ ஏசப்போகிறவள்போல் இருக்கிறேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "இந்த முகத்தைக் கண்டால் எந்த நாட்டுக்காரனும் ஒண்டும் கேளாமல் விட்டிடுவான்" என்றார்.

அண்ணை என்னைவிட ஏழு வயது மூத்தவர். கப்பல்களில் இயந்திர அறையில் வேலை செய்தவர். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். என் கணவர் காலமான பிறகு கோப்பாய் வீட்டுக்கு வந்து என்னோடு இருக்கிறார். சீனி வருத்தம், இதயத்தில் ஒரு ஸ்டென்ட், இயந்திரச் சத்தத்தில் பழுதான ஒரு காது என்று அவருக்கு வருத்தங்கள் நிறைய. ஆனால் காலையில் கிணற்றடியில் நின்று பாட்டுப் படித்தால் அடுத்த ஒழுங்கை வரை கேட்கும்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு வருத்தம், மூட்டுவாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிற மஞ்சள் குளிசையும், தினமும் காலையில் எடுக்கிற சின்ன வெள்ளைக் குளிசையும் அதைக் கட்டிப் போட்டு வைத்திருக்கின்றன. சமைக்கிறேன், கூட்டுகிறேன், கோயிலுக்குப் போகிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் சுகதேகி, அண்ணைதான் நோயாளி.

என் மகன் கானா நாட்டின் தலைநகரில், பாலம் கட்டுகிற கம்பனி ஒன்றில் பொறியியலாளராக இருக்கிறான். அந்த நாட்டுப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியை விரும்பிக் கட்டினான். அது கொரோனாக் காலம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, குசினி மேசையில் இருந்தபடி அந்தக் கலியாணத்தைப் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப வந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பேத்தியும் பிறந்தாள். மருமகள் நல்ல உயரம், நல்ல சிரிப்பு, ஆங்கிலத்தை எனக்காக ஆறுதலாகப் பேசுவாள். 'மாமி' என்ற சொல்லை மட்டும் அழகாகச் சொல்லப் பழகியிருந்தாள். ஆனால் அவளையோ பேத்தியையோ நான் நேரில் கண்டதில்லை.

ஒருநாள் மகன் போனில், "அம்மா, பிள்ளைக்கு ரெண்டு வயது ஆகப்போகுது. நீங்கள் ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோவன்" என்றான்.

"தனியாய் எப்பிடித் தம்பி வாறது?"

"மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அண்ணைக்கு அந்தக் கணமே கால் தரையில் நிற்கவில்லை. மேற்கு ஆபிரிக்கக் கரை முழுக்கத் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் மெல்ல விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கரையில் அவர் பார்த்ததெல்லாம் துறைமுக வாசலும் அதற்கு எதிரே இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையும்தான். அதற்கு அப்பால் ஒரு நாளும் போனதில்லை.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. பேத்தியைத் தூக்க வேண்டும், அது எல்லோருக்கும் உள்ள ஆசை. அதோடு மகன் இருக்கிற வீட்டைப் பார்க்க வேண்டும். எந்த அடுப்பில் சமைக்கிறார்கள், உடுப்பு எங்கே காயப்போடுகிறார்கள், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்றெல்லாம். போனில் எப்போதும் முகங்கள்தான் வரும், வீடு வராது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அண்ணையின் இதயத்தைப் பற்றியே கவலைப்பட்டார்கள். "ஸ்டென்ட் வைச்ச மனிசனைக் கூட்டிக்கொண்டு ஆபிரிக்காவுக்கோ?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஆகவே அண்ணையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் வழக்கமாகக் காட்டுகிற டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இளம் பெண். எங்கள் இரண்டு பேரின் வருத்தங்களையும் பல வருடமாகப் பார்க்கிறவர். கானா என்றதும் ஒரு தாளை எடுத்து அண்ணையின் குளிசைகளை எழுதிக்கொண்டே போனார். பிரஷர் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், "ஐயா போகலாம். விமானத்திலை இடைக்கிடை எழும்பி நடக்க வேணும், தண்ணி குடிக்க வேணும்" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"அம்மா, இருங்கோ" என்றார் டொக்டர். "ஞாயிற்றுக்கிழமைக் குளிசை இன்னும் எடுக்கிறியள்தானே?"

"ஓம். ஒரு கிழமையும் விடேல்லை." எனக்கு அதில் ஒரு பெருமை.

அவர் பேனையை வைத்துவிட்டார். "கானாவுக்குள்ளை போறதுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். அது மற்ற ஊசியள் மாதிரி இல்லை. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யிறது. உங்கடை குளிசை உடம்பின்ரை எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வைச்சிருக்கு. அதாலைதான் உங்களுக்கு மூட்டு அடங்கி இருக்குது. அந்த உடம்புக்குள்ளை உயிருள்ள கிருமியை விட்டால் அது பலவீனமாய் இருக்குமோ எண்டு சொல்லேலாது."

"அப்ப எனக்குத்தானோ பிரச்சினை? அண்ணைக்கு இல்லையோ?"

"அண்ணைக்கும் கேக்க வேணும், வயது இருக்குது. ஆனால் உங்களுக்குத்தான் கூட யோசிக்க வேணும். அந்த ஊசியைக் கொழும்பிலைதான் போடுவினம். அங்கை இதுக்கெண்டே இருக்கிற டொக்டரிட்டைக் காட்டுங்கோ. நான் கடிதம் தாறன்."

காய்ச்சல் தடிமனுக்கான ஊசியும் நியூமோனியாவுக்கான ஊசியும் எனக்குப் போடலாம் என்றும் சொன்னார். அவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. பயணம் போனாலும் போகாவிட்டாலும் என் வயதுக்கும் வருத்தத்துக்கும் அவை நல்லது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. "பெரிய ஊசியின்ரை முடிவு தெரியட்டும் டொக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓட்டோவில் திரும்பும்போது அண்ணை என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு காலமும் வீட்டில் நோயாளி என்ற பதவி அவருடையது. அது திடீரென்று என்னிடம் வந்துவிட்டது.

செய்தி ஊருக்குள் போக அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, ஊசி போட்ட அன்று வேப்பமிலை அரைத்துக் குடித்தால் கிருமி செத்துவிடும் என்றாள். செத்துவிட்டால் ஊசி போட்டு என்ன பயன் என்று கேட்டேன். உரும்பிராயில் விமானச் சீட்டும் விசாவும் ஒழுங்கு செய்து கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். எங்கள் பயண அலுவலையும் அவர்தான் பார்த்தார். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறியள்? ஊசி போட்டதுக்கு அத்தாட்சியாய்க் குடுக்கிற மஞ்சள் அட்டையை ஊசி போடாமலே எடுக்கலாம். ஆள் இருக்குது. நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ."

உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசை வந்தது. ஊசியும் இல்லை, குளிசையும் நிற்காது, பேத்தியையும் பார்க்கலாம். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வந்தவர் போன பிறகும் அண்ணை விறாந்தையிலேயே இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்னோடை ஒரு பெடியன் வேலை செய்தவன், பர்மாக்காரன்" என்றார். "அந்தக் கரைக்குப் போகேக்குள்ளை எங்களுக்கு மலேரியாக் குளிசை தருவாங்கள். அவன் விழுங்கிறமாதிரிக் காட்டிப்போட்டுத் துப்பிவிடுவான். வயித்தைப் பிரட்டுதெண்டு. துறைமுகத்தை விட்டு வந்து ஒரு கிழமையிலை காய்ச்சல். நடுக்கடல். டொக்டர் இல்லை. ஈரத் துவாய் போட்டுக்கொண்டு நாங்கள் மாறி மாறிப் பக்கத்திலை இருந்தம்."

"பேந்து?"

"பேந்து என்ன. போயிட்டான்." ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டி, "உவன் அட்டை எடுத்துத் தாறன் எண்டு சொல்லுவான். உனக்குக் காய்ச்சல் வந்தால் உவனோ வந்து காலடியிலை இருக்கப்போறான்?" என்றார்.

அதோடு அந்த யோசனை முடிந்தது.

கொழும்புக்கு ரயிலில் போனோம். ஊசி போடுகிற இடத்தில் வாங்குகளில் இருக்க இடமில்லாமல் ஆட்கள். பெரும்பாலும் கப்பலுக்குப் போகிற இளம் பெடியன்கள். அண்ணை அவர்களோடு ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டார். எந்தக் கப்பல், எந்தக் கொடி, எந்த இயந்திரம் என்று விசாரணை. நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அங்கிருந்தவர்களில் நான் ஒருத்திதான் சேலை.

டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்தவர். நரைத்த தலை, அவசரமில்லாத குரல். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு விஷயம் சேர்ந்து நிக்குது" என்றார். "அறுபது வயசு தாண்டி, முதல் தடவையா இந்த ஊசி போடுறவங்கள்ல சில பேருக்கு, மிச்சம் அரிதாத்தான், ஊசியே கடுமையான வருத்தமா மாறலாம். அதோட உங்கட குளிசை. தனித்தனிய எண்டா இருந்து யோசிக்கலாம். ரெண்டும் சேர்ந்தா நான் போட மாட்டன்."

"குளிசையை நிப்பாட்டினால்?"

"உங்கட மூட்டு டொக்டர் சம்மதிச்சா சில மாசம் நிப்பாட்டி, உடம்பு தேறின பிறகு யோசிக்கலாம். வயசு அப்பவும் இருக்கும். அந்தச் சில மாசமும் மூட்டு சும்மா இருக்குமா எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். குளிசை தொடங்குவதற்கு முந்திய வருடம் என்னால் சட்டை ஊசி குத்த முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. தலை இழுக்கக் கையைத் தூக்க முடியாமல் நான் கதிரையில் இருக்க, என் கணவர் பின்னால் நின்று தலை பின்னிவிடுவார். பாவம், அவருக்குப் பின்னத் தெரியாது. மூன்று புரியும் மூன்று பக்கம் போகும். அந்தக் கோலத்தோடுதான் கிளினிக்குக்குப் போவேன். இப்போது அவர் இல்லை. அண்ணைக்குத் தெரிந்தது கப்பல் முடிச்சு மட்டும்.

"ஊசி போடக்கூடாது எண்டு கடிதம் தருவினமாம், அதோடை போகலாமாம் எண்டு சொல்லுகினம்" என்றேன்.

"தரலாம். அந்த நாட்டுக்காரர் ஏத்துக்கொள்ளலாம், ஏத்துக்கொள்ளாமத் திருப்பியும் அனுப்பலாம். ஏத்துக்கொண்டாலும், கடிச்சு இந்தக் காய்ச்சலைப் பரப்புற நுளம்புக்கு அந்தக் கடிதம் செல்லாது அம்மா. வருத்தம் வந்தா, எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச உடம்பு. அதை யோசிங்க."

பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். அண்ணை இளம் வயதில் இந்த ஊசி போட்டவர். அட்டை இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது. ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடும்போது அந்த ஆபத்து முதல் தடவைக்காரரைவிடக் குறைவு என்றார் டொக்டர். ஸ்டென்டும் சீனியும் இதற்குத் தடை இல்லை. மருந்தை முட்டையில் வளர்த்துச் செய்வதால், முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். "ரெண்டு வேளையும் தந்தாலும் ஒத்துக்கொள்ளும்" என்றார் அண்ணை.

"ஐயாவுக்குப் போடலாம். ஆனா முழுக்க ஆபத்து இல்லை எண்டு சொல்ல மாட்டன். வெளியில போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பன்."

எதிர்க்கடையில் இருந்தோம். அண்ணை சீனி போடாத தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு, சீனி தூவிய ஒரு பணிஸ் எடுத்தார். நான் அதைப் பார்த்தும் ஏசவில்லை. அப்போதே அவருக்கு என் நிலைமை விளங்கியிருக்க வேண்டும்.

"சரி, ரெண்டு பேரும் வீட்டை போவம்" என்றார். "நான் உனக்குத் துணைக்கெண்டுதானே வெளிக்கிட்டனான். நீ இல்லாமல் அங்கை போய் நான் என்ன செய்யிறது?"

"நீங்கள் போறியள்."

"நான் போகேல்லை."

"அண்ணை, கலியாணத்துக்கு எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் போகேல்லை. பிள்ளை பிறந்ததுக்கும் போகேல்லை. அந்தப் பெட்டையின்ரை தாய் எங்களைப் பற்றி என்ன நினைப்பா? எங்கடை வீட்டிலையிருந்து ஒருத்தராவது போய் அந்தப் படியிலை கால் வைக்க வேணும்."

அவர் பணிஸைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்தார். இதயத்தைப் பற்றி யோசிக்கிறாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது. கட்டாயப்படுத்துகிறேனோ என்றும் பட்டது.

"பயமாய் இருந்தால் வேண்டாம் அண்ணை. டொக்டரும் முழுக்க ஆபத்தில்லை எண்டு சொல்லேல்லை."

"அதுக்கில்லை" என்றார். "எனக்கு ஊசி எண்டால் கொஞ்சம் பயம்."

இவர் புயலில் எரிகிற கொதிகலத்துக்கு முன்னால் நின்றவர். வாரம் ஒருமுறை எங்களுக்கு அந்தக் கதை சொல்கிறவர். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தேன். அண்ணையும் சிரித்தார். பிறகு எழும்பிப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டார். இரத்தத்தை இளக்குகிற குளிசை எடுப்பதால் பஞ்சை நன்றாக அமத்திப் பிடிக்கச் சொன்னார்கள். ரயில் அனுராதபுரம் தாண்டும்வரை அமத்திக்கொண்டே வந்தார்.

நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. டொக்டரில் இல்லை, நுளம்பில் இல்லை. என் கைகளில். மடியில் கிடந்த அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதவாச்சியில் அண்ணை ஒரு கடதாசிச் சரை நிறையக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். அதைத் தோல் உரித்து உரித்துத் தின்னத் தொடங்கினேன். பாதிச் சரை முடிந்த பிறகுதான் விளங்கியது, குளிசை இல்லாவிட்டால் இந்தக் கச்சானையும் என்னால் உடைத்திருக்க முடியாது. கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனால் கச்சான் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகனுக்குச் சொன்னோம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "கடிதத்தோடை வாங்கோ அம்மா. இஞ்சை எங்கடை பக்கம் நுளம்பு குறைவு. வலை போட்டு வைக்கிறன்" என்றான். அவனுக்கும் ஆசை, என்ன செய்வது. மருமகள் போனை அவனிடமிருந்து வாங்கினாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, "வேண்டாம் மாமி. நீங்கள் வரவேண்டாம். நாங்கள் வருவோம். எப்போது என்று சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வரவேண்டாம் என்று சொன்ன மருமகளில் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

அண்ணைக்கு இன்னும் ஒரு சோதனை இருந்தது. யாழ்ப்பாணத்து மலேரியா அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இதயக்காரருக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு வகைக் குளிசையை விட்டு, வேறொரு வகையைத் தந்தார்கள். போக முன்னமே தொடங்க வேண்டும், இருக்கிற நாளெல்லாம் எடுக்க வேண்டும், வந்த பிறகும் நிற்பாட்டாமல் சொன்ன காலம்வரை எடுக்க வேண்டும் என்றார்கள்.

"வந்த பிறகும் ஏன்? இஞ்சைதான் மலேரியா இல்லையே" என்று அண்ணை வாதாடினார்.

"அதை நீங்கள் திருப்பிக் கொண்டு வரக்கூடாதெண்டுதான் ஐயா" என்றார் அந்த அலுவலர்.

அண்ணை புறப்பட்ட பெட்டியில் அவருடைய உடுப்பு ஒரு மூலையில்தான் இருந்தது. மற்றதெல்லாம் மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, ஒடியல் மா, பனங்கட்டி, பேத்திக்குப் பட்டுப் பாவாடை, சம்பந்திக்கு ஒரு சேலை. கைப்பையில் இன்சுலினும் நுளம்பு எண்ணெயும். அவரை ஏற்றிவிட்டு வந்த அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டில் நான் தனியே இருந்தேன். முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் பாணும் சம்பலும் மட்டும் செய்து, புட்டவிக்காமல், எனக்குப் பிடித்த நாடகத்தை முழுச் சத்தத்தில் பார்த்தேன். மூன்றாம் நாள் நானாகவே பஸ் ஏறிப் போய், டொக்டர் சொன்ன அந்த உயிரில்லாத ஊசிகள் இரண்டையும் கைக்கொன்றாகப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப என்ன அவசரம் அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"பேத்தி வரப்போறா. சின்னப்பிள்ளையள் தடிமனைக் கொண்டு வருவினம்" என்றேன்.

இரண்டு கையும் இரண்டு நாள் நொந்தது. மூட்டுவாதம் இல்லாத இடத்தில் வலி வருவதே எனக்குப் புது அனுபவம்.

அண்ணை போய்ச் சேர்ந்த மறுநாள் வீடியோவில் வந்தார். முதலில் பேத்தியைக் காட்டினார். பட்டுப் பாவாடையை உடுத்து, வடையைக் கடித்து, முகத்தைச் சுழித்துவிட்டு மறுபடியும் கடித்தாள். பிறகு நான் மெல்ல, "அண்ணை, பக்கத்திலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஏன்?"

"குசினிக்குள்ளை போங்கோ."

போனார். அடுப்பைக் காட்டினார். நான்கு வாய் எரிவாயு அடுப்பு, துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஒரு மாமரம், அதற்கு அப்பால் சிவப்பு மண் ரோட்டு, ரோட்டில் ஒருத்தி தலையில் பெரிய கிண்ணத்தோடு நடந்து போனாள். கொடியில் என் மகனின் சட்டைகள் காய்ந்தன. "அந்த மேல் லாச்சியைத் திறவுங்கோ" என்றேன். கரண்டிகள். "அதுக்குக் கீழை உள்ளது." துணிகள். "அலுமாரியைத் திறவுங்கோ, போத்தலுக்குள்ளை என்ன இருக்குது?" அண்ணை தலையை அலுமாரிக்குள் விட்டு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மருமகளின் குரல் கேட்டது. அண்ணை தலையை இடித்துக்கொண்டார். போன் ஒரு தரம் சுழன்று கூரையைக் காட்டியது.

நான் வெட்கத்தில் போனை வைக்கப் போனேன். மருமகளின் முகம் வந்தது. அவள் கோபிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினாள். பிறகு அறை அறையாக நடந்தாள். பேத்தி படுக்கிற கட்டில், மகன் கழற்றிப் போட்ட காலுறை, நுளம்பு வலை, குளியலறைத் தண்ணீர் வாளி. "மாமி, வேறு என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் மிச்சமில்லை என்றேன். நான் நேரில் போயிருந்தால் மரியாதைக்குப் பயந்து இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அண்ணை ஒரு மாதம் கழித்து வந்தார். உடம்பில் ஒரு கிலோ கூடுதல், இரண்டு புதுச் சட்டைகள், சம்பந்தியைப் பற்றி ஓயாத புகழ்ச்சி. அவர் வந்த கிழமையே மலேரியா அலுவலர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அண்ணை அப்போதும் கண்ணை மூடிக்கொண்டார். இரத்தத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த ஓகஸ்டில் அவர்கள் வந்தார்கள். மகன், மருமகள், பேத்தியோடு சம்பந்தியும். அவ எழுபது வயதுக்காரி. பிரஷர் இருக்கிறது, முழங்கால் நோ இருக்கிறது. வெளிக்கிட முன் எனக்கு வீடியோவில் வந்து கேட்டா, உங்கள் ஊருக்கு நான் என்ன ஊசி போட வேண்டும் என்று. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. எங்கள் டொக்டரிடம் கேட்டுச் சொன்னேன், அவவுடைய டொக்டரும் அதையே சொன்னாராம். மஞ்சள் காய்ச்சல் ஊசி அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் வேண்டுமாம். அவ அதை எப்போதோ போட்டவ, அட்டையும் பத்திரமாக இருந்தது. தைபொயிட்டுக்கும் தடிமனுக்கும் போட்டுக்கொண்டா. டெங்கு பெருகுவது மாரி மழையோடு, ஆகவே வெயில் காலத்தில் வாருங்கள், நீளக் கைச் சட்டை கொண்டு வாருங்கள் என்றேன். இப்போதும் கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளிடம் போகிற வயதானவர்கள் கோப்பாயில் என்னை வந்து விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். நீங்கள் எடுக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பயணத்துக்குச் சில மாதம் முன்னமே டொக்டரிடம் போங்கள். மிச்சத்தை அவர் சொல்லுவார்.

சம்பந்தியும் கடற்கரை ஊர்க்காரிதான் என்பது வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. தகப்பன் மீன்பிடிக்கப் போனவராம். இரண்டாம் நாளே மீன் வாங்கப் போக வேண்டும் என்றா. ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனோம், நாங்கள் இருவரும் மட்டும். பூப்போட்ட நீளச் சட்டையும் தலைத்துணியுமாக அவ இறங்கியதும் மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவ ஒருவரையும் பார்க்கவில்லை. விளைமீன் ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தா, விரலால் வயிற்றை அமத்தினா, திருப்பி வைத்தா. அடுத்த குவியலிலும் அப்படியே. மூன்றாவது இடத்தில் ஒரு மீனை எடுத்து என்னிடம் நீட்டி, "இது" என்றா. நானும் அதைத்தான் பார்த்து வைத்திருந்தேன்.

விற்கிற பெண் என்னிடம், "ஆர் அக்கா இவ?" என்று கேட்டாள்.

"என்ரை சம்பந்தி" என்றேன்.

மீனைப் பாதியாகப் பிரித்தோம். அவ தன் பாதியைத் தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் அரைத்து வதக்கிச் சமைத்தா. நான் என் பாதியைத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன். எங்கள் உறைப்பு அவவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரும் பயந்தார்கள். அவ என் குழம்பைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மிளகாய்த்தூள் போத்தல் எங்கே என்று கேட்டா. பேத்தி என் மடியில் இருந்து அவவின் மீனைத் தின்றாள். அண்ணை இரண்டு பக்கத்துக்கும் நல்ல பெயர் எடுக்கப் பார்த்து, இரண்டிலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.